லெட்சுமி நிறுத்த மறுத்த மாத்திரை

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுகூடத்திலிருந்து ஃபர்ஹானா தொலைபேசி எடுத்தாள். கண்டிக்குப் பக்கத்துக் கலகெதர ஊர்ப் பிள்ளை, நான் ஓய்வுபெறப் போகும் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். திசுக்களுக்குச் சாயம் ஏற்றும் புது மெஷின் படுத்துவிட்டதாம். கொழும்பிலிருந்து ஆள் வந்துதான் எழுப்ப வேண்டுமாம். அதுவரைக்கும் மார்பகப் புற்றுநோய்ச் சாம்பிள்கள் வரிசையில் கிடக்கின்றன, மெஷின் இல்லாத காலத்தில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் மிஸ் என்று கேட்டாள். குக்கரில் அவித்தோம் என்றேன். மிஸ்ஸுக்கு வயது போய் மூளை கழன்றுவிட்டது என்று பிள்ளை நினைத்திருக்க வேண்டும்.

மூளை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. முழங்கால்தான் கழன்றுவிட்டது. அவளுக்குச் செய்முறையை எழுதி அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன், அது வேறெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் வாயைத் திறந்தாலும் இதே கதைதான், வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிறந்தது யாழ்ப்பாணம், வளர்ந்தது கண்டி. அப்பாவுக்குப் பேராதனைச் சந்தியில் ரயில்வே உத்தியோகம். மருத்துவ ஆய்வுகூடப் பயிற்சியில் இருக்கும்போது எண்பத்து மூன்று யூலைக் கலவரம் வந்தது. கடைகள் எரிந்துகொண்டிருந்தபோது எங்கள் தலைமை டெக்னீஷியன், ஒரு சிங்களக் கிழவர், என்னையும் என்னோடு படித்த இன்னொரு தமிழ்ப் பெட்டையையும் வெட்டிய உறுப்புகள் வைக்கும் களஞ்சிய அறைக்குள் தள்ளி வெளியே பூட்டுப் போட்டார். எங்களைச் சுற்றிப் போத்தல் போத்தலாகக் குடல், கர்ப்பப்பை, ஈரல். ஃபோர்மலின் மூக்கை எரிக்கும் அந்த அறைக்குள் எந்தக் காடையனும் எட்டிப் பார்க்க மாட்டான் என்பது கிழவரின் கணக்கு. கணக்குச் சரியாகத்தான் வந்தது. அவருடைய மனைவி கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலை ஒரு கர்ப்பப்பைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு எனக்கு இந்த வேலையில் அருவருப்பு என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது.

அதற்குப் பிறகு பல வருடங்கள் கழித்து வந்தவர்தான் டொக்டர் விஜேகோன், எங்கள் நோயியல் நிபுணர். இங்கிலாந்தில் பயிற்சி முடித்து, கழுத்தில் டை, கையில் ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க். ஃபிளாஸ்குக்குள் ஐஸ், ஐஸுக்குள் சுண்டு விரல் அளவுக் குப்பிகள். பெண்சாதியை விமான நிலையத்தில் மறந்துவிட்டு வந்தாலும் அந்த ஃபிளாஸ்கை மறந்திருக்க மாட்டார். அந்தக் குப்பிகளுக்குள்தான், செல் என்கிற கலத்தில் ஹோர்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகளைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள் இருந்தது.

மனிதரின் பழக்கவழக்கம் ஒரு தினுசு. மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிடுவார். காலுறையில் எப்போதும் ஒரு பெருவிரல் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். எங்களோடு சிங்களத்தில் பேசுவார், கலங்களோடு ஆங்கிலத்தில் பேசுவார். கெட்ட கலங்களுக்கு அவர் வைத்த பெயர் 'ராஸ்கல்'. ராஸ்கல்கள் அழகாகச் சாயம் பிடித்திருந்தால் தனியே ரசிக்க மனம் வராது, வழியால் போகும் எவரையும் கூப்பிட்டு இரண்டாவது கண்வில்லை வழியாகப் பார்க்கச் சொல்லுவார். ஒருமுறை லொத்தர் டிக்கெட் விற்க வந்தவனைப் பிடித்து உட்கார்த்தி ஒரு பெருங்குடலைக் காட்டினார். அவன் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வந்ததில்லை. ஆனால் ஒரு முடிவை மட்டும் அவர் ஒருபோதும் உடனே சொல்ல மாட்டார். பார்ப்பார், தேத்தண்ணி குடிப்பார், மறுபடி பார்ப்பார், பிறகுதான் வாய் திறப்பார். அவசரப்படுத்தினால் நாள் முழுக்கத் திட்டு விழும்.

ஃபர்ஹானா, செய்முறை இதுதான். மெழுகுக் கட்டிக்குள் இருக்கும் சதையை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். மெழுகைக் கரைத்த பிறகு சிட்ரேட் கரைசலில் அவிக்க வேண்டும். ஃபோர்மலின் இறுக்கிப் பூட்டி வைத்ததை இந்த அவியல்தான் திறக்கும். அதற்குப் பிறகு எதிர்ப்பொருளில் ஒரு சொட்டு. ஸ்லைட் காய்ந்து போகாமல், ஈரத் துணி விரித்த சாப்பாட்டுப் பெட்டிக்குள் மூடி வைப்போம். கடைசியில் மண்ணிறச் சாயம். மண்ணிறம் ஏறினால் ஏற்பி இருக்கிறது, ஏறாவிட்டால் இல்லை. அந்த அவியலுக்கு வெளிநாட்டில் விசேட உபகரணம் உண்டாம். நாங்கள் விண்ணப்பம் போட்டோம். விண்ணப்பம் கொழும்புக்குப் போய் அங்கேயே கல்யாணம் கட்டிக் குடியிருந்துவிட்டது. கடைசியில் எனக்குச் சீதனமாக வந்த பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனேன். மாமியார் அதைக் கேட்டு ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை.

இனி லெட்சுமிக்கு வருகிறேன்.

தெல்தெனியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள். என்னைவிடச் சில வயது மூத்தவள். ஒரு மார்பை எடுத்தாயிற்று. அந்த மார்பின் துண்டுதான் டொக்டரின் குப்பிகளில் முதல் முதல் சோதித்தவற்றில் ஒன்று. ஹோர்மோன் ஏற்பி நல்ல மண்ணிறத்தில் இருந்தது. அதாவது அவளுடைய நோய், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனைத் தின்று வளரும் ஜாதி. அந்த ஹோர்மோன் கலத்துக்குள் வந்து உட்காருவதற்கு ஒரு கதிரை இருக்கிறது என்று வையுங்கள். தமொக்சிஃபென் மாத்திரை முந்திப் போய் அந்தக் கதிரையில் உட்கார்ந்துகொள்ளும். ஹோர்மோனுக்கு இடமில்லை, நோய்க்குச் சாப்பாடு இல்லை. அந்த மாத்திரையில் லெட்சுமி வருடக்கணக்காக நன்றாக இருந்தாள்.

நான் ஆய்வுகூடத்துக்காரி, நோயாளிகளைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. லெட்சுமி விடவில்லை. கிளினிக்கில் அவர்கள் சிங்களத்தில் சொன்னதை என்னிடம் தமிழில் கேட்டுச் சரிபார்க்க வருவாள். வாசலில் நின்றபடி என் புடவையைப் பற்றியும் என் தலைமுடியைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போவாள். "மிஸ், என் மாரு இன்னும் இங்கதான இருக்கு? பத்திரமா வச்சிருக்கீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். அலுமாரியில் இருக்கிறது, ஆனால் மெழுகுக்குள், தபால் முத்திரை அளவுதான் என்றேன். அவ்வளவு பெரிய பொருளை இவ்வளவுக்குச் சுருக்கிவிட்டீர்களே, ரேஷன் கடைக்காரன் தோற்றான் என்றாள்.

அவளுக்கு அந்தத் தழும்பின் ஓரத்திலேயே மறுபடி ஒரு கட்டி வந்தது. மாத்திரையை ஒருநாள் தவறாமல் விழுங்கிக்கொண்டிருக்கும்போதே வந்தது.

கிளினிக் டொக்டர் ஓர் இளம்பிள்ளை. பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார். ஹோர்மோன் ஏற்பி உண்டு என்று இருக்கிறது, ஆகவே மாத்திரையைத் தொடரட்டும், அளவைக் கூட்டலாம் என்றார். அந்தக் காலத்து வழக்கம் அது. முதல் ரிப்போர்ட் சாத்திரி எழுதிய சாதகம் மாதிரி. ஒருமுறை எழுதினால் சாகும்வரை அதுதான், புதுக் கட்டியை யாரும் மறுபடி சோதிப்பதில்லை. டொக்டர் விஜேகோனுக்கு இந்தச் சாதக வைத்தியம் பிடிக்காது. கலம் என்ன அரச உத்தியோகமா பார்க்கிறது, சேர்ந்த பதவியிலேயே ஓய்வுபெற என்று கத்தினார். கத்தியதில் புதுக் கட்டியிலிருந்து ஒரு துண்டு எங்களுக்கு வந்து சேர்ந்தது.

அவருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. கலத்தின் வெளிச்சுவரில் வேறு ஏற்பிகள் உண்டு. கலத்தை வளரச் சொல்லும் வளர்ச்சிக் காரணிகளின் சமிக்ஞையை உள்ளே அனுப்புபவை. அவற்றில் ஹெர்-டூ என்று ஒன்று. அது அளவுக்கு மிஞ்சி முளைத்தால் உள்ளே இருக்கும் ஹோர்மோன் ஏற்பியையும் உசுப்பிவிடும், ஹோர்மோன் வராமலே அது வேலை செய்யத் தொடங்கும். அதைவிட மோசம், கதிரையில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் மாத்திரையே ஹோர்மோன் மாதிரி நடக்கத் தொடங்கலாம் என்று வெளிநாட்டில் சிலர் சந்தேகப்பட்டார்கள். ஹெர்-டூ பார்க்கும் எதிர்ப்பொருள் எங்கள் நாட்டில் அப்போது லேசில் கிடைக்காது. டொக்டர் இங்கிலாந்தில் இருந்த ஒரு சிநேகிதரிடம் கெஞ்சி ஒரு குப்பி எடுத்து வைத்திருந்தார். அதன் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். சொதப்பினால் லெட்சுமிக்கு இரண்டாம் தடவை கிடையாது.

அந்த நேரம் பார்த்து என் குக்கரின் ரப்பர் வளையம் போய்விட்டது. ஓரத்தால் ஆவி சீறுகிறது, விசில் எழும்பவில்லை. அழுத்தம் ஏறாவிட்டால் பூட்டுத் திறக்காது, பூட்டுத் திறக்காவிட்டால் இருக்கும் ஏற்பியையும் இல்லை என்று எழுதிவிடுவோம். குக்கரைத் தூக்கிக்கொண்டு பேராதனையிலிருந்து கண்டி டவுனுக்குப் போனேன். கூடவே ஆய்வுகூடத்து டைமரையும் எடுத்துக்கொண்டேன், சாவி கொடுத்தால் டிக் டிக் என்று ஓடும் ரகம். அதன் சுருள் இறுகிப்போயிருந்தது. ஒரு கடையில் ரப்பர் போட்டேன், பக்கத்து மணிக்கூட்டுக் கடையில் டைமரைத் திருத்தினேன். பஸ் நெரிசலில் டைமர் நசுங்கிவிடக் கூடாதே என்று அதைக் குக்கருக்குள் வைத்து மூடியை இறுக்கினேன். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள். நகரத்தில் குண்டு வெடித்து அதிக நாளாகவில்லை. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அச்சடித்திருக்கும் ஒரு தமிழ்ப் பெண், டிக் டிக் என்று சத்தம் போடும் பிரஷர் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு பேராதனை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள்.

சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரப் பெடியன் பையைத் திறந்து பார்த்தான். என் அட்டையைப் பார்த்தான். குக்கரில் காதை வைத்தான். மணிக்கூட்டுக் கடைக்காரன் நல்ல மனிதன், சோதித்துப் பார்க்க டைமருக்குச் சாவி கொடுத்தே அனுப்பியிருந்தான். அது அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

சாவடியில் நின்ற அத்தனை பேரும் நிலத்தில். ஆமிக்காரர் மணல் மூட்டைக்குப் பின்னால், கண்டக்டர் பஸ்ஸுக்கு அடியில், மீன் கூடைக்காரன் மீனுக்கு மேல். ரோட்டு நடுவில் நானும் என் சீதனமும் மட்டும். இன்றைக்குச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குச் சிறுநீர் போய்விட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு துவக்குகள் என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தன, என் வாயில் சிங்களமும் வரவில்லை தமிழும் வரவில்லை.

பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பொறுப்பதிகாரி, ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் குக்கரில் அப்படி என்ன அவிக்கிறீர்கள் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். பெண்களின் மார்பு என்றேன். அவர் தன் கதிரையைச் சுவர் வரைக்கும் பின்னால் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் எடுத்தார்.

டொக்டர் விஜேகோன் டையை இறுக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரப்பர் வளையம் சரியாகப் பொருந்துகிறதா என்று கேட்டார். பிறகு பொறுப்பதிகாரிக்கு முன்னால் உட்கார்ந்து ஹோர்மோன் ஏற்பி என்றால் என்ன, வளர்ச்சிக் காரணி என்றால் என்ன, இரண்டும் எப்படி ஒன்றையொன்று கூப்பிட்டுக் கதைக்கின்றன என்று படம் கீறி விளக்கத் தொடங்கினார். அந்த மனிதர் முதலில் கொட்டாவி விட்டார், பிறகு கெஞ்சும் கண்ணோடு என்னைப் பார்த்தார், கடைசியில் குக்கரையும் என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். டைமரை மட்டும் தரவில்லை. எங்கேயோ ஒரு பொலிஸ் அலுமாரியில் அது இன்னும் தடயப் பொருளாகக் கிடக்கலாம். வெளியே வந்த பிறகுதான் டொக்டர் என் முகத்தைக் கவனித்தார். வழியில் ஒரு கடையில் நிறுத்தி எனக்குச் சீனி அதிகம் போட்ட தேத்தண்ணி வாங்கித் தந்து, குடித்து முடிக்கும்வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அவித்தேன். ரப்பர் பிடித்தது, விசில் எழும்பியது, நேரத்தை டொக்டரின் கைக்கடிகாரத்தில் பார்த்தோம். அவர் சொன்னபடி லெட்சுமியின் பழைய மார்பின் கட்டியையும் புதுக் கட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாயம் ஏற்றினேன். பழையதில் ஹோர்மோன் ஏற்பி நல்ல மண்ணிறம், ஹெர்-டூ இருந்தும் இல்லாத மாதிரி. புதியதில் ஹோர்மோன் ஏற்பி இன்னும் இருந்தது, சற்று வெளிறி. ஆனால் ஒவ்வொரு கலத்தையும் சுற்றிக் கறுத்த மண்ணிறத்தில் ஒரு வளையம். வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோழிக்கூட்டு வலை மாதிரி கண்ணுக்கு எட்டியவரை விரிந்து கிடந்தன. டொக்டர் பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், மறுபடி பார்த்தார். ராஸ்கல் என்று சொல்லவில்லை. யாரையும் கூப்பிட்டுக் காட்டவும் இல்லை.

அந்த வளையத்தை நேரடியாக அடிக்கும் மருந்து வெளிநாட்டில் வந்திருந்தது. விலையைக் கேட்டால் எங்கள் பணிப்பாளருக்கே மயக்கம் வந்திருக்கும். யுத்தத்துக்கு ஷெல் வாங்கக் காசு இருந்த நாடு, எங்களிடம் இருந்ததோ தமொக்சிஃபென், அதுவும் வந்தால் வந்தது. டொக்டரும் கிளினிக் பிள்ளையும் உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். மாத்திரையை நிறுத்துவது. லெட்சுமிக்கு இன்னும் மாதவிலக்கு நிற்கவில்லை, ஆகவே முட்டை உண்டாகும் சூலகங்களை எடுத்து ஹோர்மோன் வரும் ஊற்றையே வற்றச் செய்வது. கூடவே முடியைக் கொட்டவைக்கும் ஊசி மருந்து. எனக்கு மூச்சு வந்தது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சத்திரசிகிச்சைக்குக் கொடுத்த திகதியில் லெட்சுமி வரவில்லை. இன்னொரு திகதி கொடுத்தார்கள். அதற்கும் வரவில்லை.

விஷயம் குசுமாவால்தான் வெளியே வந்தது. குசுமா தெல்தெனியச் சந்தையில் மரக்கறி விற்கும் சிங்களப் பெண், அவளுக்கும் அதே நோய், அதே மாத்திரை. ஆய்வுகூட வாசலுக்கு வந்து, லெட்சுமிக்கு மட்டும் மாத்திரை இரண்டு மடங்கு வேண்டுமா மிஸ் என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை முடிந்துபோகும் மாதங்களைச் சமாளிக்க அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு சீட்டுப் பிடித்து வந்திருக்கிறார்கள். காசுச் சீட்டு இல்லை, மாத்திரைச் சீட்டு. கிடைக்கும் மாதத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைப்பார்கள், யாருக்குத் தட்டுப்பாடோ அவர் எடுப்பார். சிங்களத்தி, தமிழத்தி, முஸ்லிம் பெண் எல்லோரும் அதில். வெளியே சண்டை நடந்துகொண்டிருந்த நாட்டில் இவர்கள் துணி முடிச்சில் மாத்திரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். சீட்டுக்குத் தலைவி யார் என்கிறீர்கள், லெட்சுமிதான். முடிச்சு அவளுடைய இடுப்பில். கிளினிக்கில் நிறுத்திய மாத்திரையை அவள் சீட்டிலிருந்து எடுத்து, அளவையும் கூட்டி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் அவளைக் கூப்பிடச் சொல்லி ஆள் அனுப்பினேன். வந்தாள். கழுத்துக்குக் கீழே எலும்பு தெரிந்தது. தழும்பின் பக்கம் தொட்டால் கட்டி ஒரு கொட்டைப்பாக்கு அளவு இருக்கிறது என்று அவளே சொன்னாள். திட்டுவதற்கு வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

"மிஸ், என்னயக் கைவிட்டுட்டாங்கன்னு எனக்குத் தெரியும். மருந்த நிப்பாட்டுன்னு அந்த நர்ஸ் நோனா சிங்களத்துல சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்புட்டுருச்சு. காசுள்ளவளா இருந்தா நிப்பாட்டுவாங்களா? கலவரத்துல எங்க லயத்து வீடுகள எரிச்சப்பவும் இப்பிடித்தான், ஒருத்தனும் மூஞ்சியப் பாத்து ஒன்னும் சொல்லல."

குக்கருக்காகத் துவக்கு முன்னால் நின்றேன், ஆனால் இவளுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு வார்த்தை விளக்க எங்கள் முழு ஆஸ்பத்திரியிலும் ஒருத்தருக்கும் நேரம் இருக்கவில்லை. நான் சொன்னால் நீங்களும் அவங்க ஆள்தானே என்பாள். நேரே டொக்டரிடம் போனேன். அவளை உள்ளே கூட்டிக்கொண்டு வா, காட்டுவோம் என்றார்.

டொக்டருக்கு லெட்சுமியின் மார்பை வருடக்கணக்காகத் தெரியும், லெட்சுமியைத் தெரியாது. உயிரோடு ஒரு நோயாளி உள்ளே வந்ததும் பதறிப்போய்ச் சப்பாத்தைக் காலால் தேடினார். ஒன்று அகப்பட்டது, மற்றது மேசைக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது. ஒற்றைச் சப்பாத்தோடு எழுந்து நின்று அவளுக்குத் தன் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். அவள் அவருடைய பெருவிரலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவு நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் நான் கண்ட முதல் வெளிச்சம் அது.

"இது பழைய. இது புதிய. நீங்க பாருங்க," என்று டொக்டர் தன்னுடைய தமிழில் சொன்னார்.

பார்த்தாள். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, கடைசியில் இரண்டையும் திறந்து நெடுநேரம் பார்த்தாள். பழையதில் வலை இல்லை, புதியதில் கோழிவலை அடித்திருக்கிறார்களே என்று அவளே சொன்னாள். டொக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். கதிரை, கதிரையில் உட்கார்ந்திருக்கும் மாத்திரை, வெளிச்சுவரில் முளைத்த புது ஏற்பி, அது உள்ளே இருப்பதை உசுப்பிவிடும் விதம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப காவலுக்கு வச்ச கங்காணியே களவாணி பக்கம் சேந்துட்டான்னு சொல்றீங்க," என்றாள். பிறகு டொக்டரைப் பார்த்து நேராகக் கேட்டாள். "நான் முழுங்குன மாத்திரையே இதுக்குத் தீனி போட்டுச்சா?"

நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. டொக்டர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தார்.

"நான் தெரியாது," என்றார்.

பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். அப்படி நடக்கலாம் என்று சந்தேகிக்கிறார்கள், யாரும் நிரூபிக்கவில்லை. இவளுடைய உடம்பில் அதுதான் நடந்தது என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அந்த மாத்திரை கட்டியை நிறுத்தவில்லை, அது நிச்சயம், அதைச் சாப்பிடும்போதுதான் கட்டி வளர்ந்தது. சூலகத்தை எடுத்தால் நிச்சயம் சுருங்கும் என்றும் சொல்ல முடியாது. எடுக்காவிட்டால் நாங்கள் செய்வதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. அவ்வளவையும் ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.

"தெரியாதுன்னு சொன்ன மொத டொக்டர் இவருதான்," என்றாள் லெட்சுமி என்னிடம். "என்னயக் கைவிடலதானே மிஸ்?"

"கைவிடேல்லை லெட்சுமி. கைவிடுறதெண்டால் இவ்வளவு பேர் உங்களோட நிண்டு மல்லுக்கட்டுவமே?"

வெளியில் ஒரு மாரை எடுத்தீர்கள், இனி உள்ளே இருப்பதையும் எடுக்கப் போகிறீர்கள், கடைசியில் மீசை வைத்து ஆம்பிளையாக்கித்தான் விடுவீர்கள் போல என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் குசுமா காத்துக்கொண்டு நின்றாள். லெட்சுமி இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்து அவள் கையில் கொடுத்து, இனி நீ நடத்து, யாருக்காவது கூட எடுத்துக் கொடுத்தாயோ தோலை உரிப்பேன் என்று பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் சொன்னாள். அந்த வாரமே வார்டில் சேர்ந்தாள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. சில நல்ல வருடங்களுக்குப் பிறகு அந்த நோய் அவளுடைய ஈரலில் வந்தது. அந்தத் தடவை ஹோர்மோன் ஏற்பி அடியோடு போய்விட்டது, வளையம் மட்டும்தான். வளையத்தை அடிக்கும் மருந்து அதற்குள் கொழும்புக்கு வந்திருந்தது, காசு உள்ளவர்களுக்கு. அது கிடைக்காமலே லெட்சுமி கண்ணை மூடினாள். இப்போது ஃபர்ஹானாவின் சாம்பிள்காரிகளுக்கு அது அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைக்கிறது என்று கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை, ஆறப்போவதும் இல்லை.

அந்த நல்ல வருடங்களின் தொடக்கத்தில் ஒருநாள் அவள் ஆய்வுகூடத்துக்கு வந்தாள். ஊசிகள் முடிந்து தலையில் புதுமுடி குருத்துவிட்டிருந்தது. கதவைச் சாத்தச் சொன்னாள். டொக்டர் உள்ளே இருப்பதைச் சட்டை செய்யாமல் ஜாக்கெட்டின் கொக்கிகளைக் கழற்றினாள். டொக்டர் அலறி அடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி, சுவரில் தொங்கிய போன வருடக் கலண்டரைக் கவனமாக வாசிக்கத் தொடங்கினார். லெட்சுமி என் கையைப் பிடித்துத் தழும்பின் மேல் வைத்தாள்.

"தேடுங்க மிஸ்," என்றாள்.

ஆயிரக்கணக்கான மார்புகளைச் சீவியிருக்கிறேன், அவித்திருக்கிறேன், சாயம் ஏற்றியிருக்கிறேன். சூடாக, மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஒன்றின் மேல் என் கை பட்டது அதுதான் முதல் தடவை. தழும்பின் ஓரமாக விரலை ஓட்டினேன். தோல், தோலுக்கு அடியில் விலா எலும்பு, அதற்கும் அடியில் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

"ஒண்டும் இல்லை லெட்சுமி," என்றேன்.

"நல்லாத் தேடிப் பாருங்க. பொறவு இருக்குதுன்னு ரிப்போட்டு எழுதாதீங்க."

மறுபடி தேடினேன். கண்ணீர் வந்து எதுவும் தெரியவில்லை, விரலுக்கு மட்டும் தெரிந்தது. சுவர்ப் பக்கமிருந்து டொக்டர் சிங்களத்தில் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவளாகக் கையைப் பிடித்து எடுக்கும்வரை நான் தேடிக்கொண்டே இருந்தேன்.